அண்ணாமலையார் ஊரின் பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவண்ணாமலை நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் லேத் பட்டறைகளையும், வெல்டிங் பட்டறைகளையும், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளையும் நடத்திவரும் மேஸ்திரிமார்களுக்கும், அவர்களிடம் கைவேலை பழகிவரும் தம்பிமார்களுக்கும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயின்று நாளை அதே பட்டறைகளுக்குள் அடியெடுத்து வைக்கப்போகும் மாணவ மாணவியருக்கும், இவ்வூர்வாசி ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

என்னை எழுதத் தூண்டிய விஷயம் நீங்கள் அறியாததன்று. நம்மூர்ப் பள்ளியொன்றில் பயின்ற செல்வி வினிஷா உமாசங்கர், தெருவோரத்தில் துணி தேய்க்கும் தொழிலாளி எரிந்து தீர்ந்த கரியை ஒதுக்குப்புறமாகக் கொட்டி ஆறவைப்பதைக் கண்டு, அந்தக் கரி எங்கிருந்து வருகிறது, அதற்காக எத்தனை மரம் விழுகிறது, அதன் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்றெல்லாம் சிந்திக்கத் தலைப்பட்டு, சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியொன்றை வடிவமைத்தார். அதற்காக 2020-ஆம் ஆண்டில், தமது பதினான்காம் வயதில், ஸ்வீடன் தேசத்தவர் அளிக்கும் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசைப் பெற்றார். மறு ஆண்டில் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றில் இடம்பெற்ற பதினைந்து முயற்சிகளுள் அவருடையதும் ஒன்றாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் கிளாஸ்கோ நகரில் கூடிய பருவநிலை மாநாட்டிலே, பல தேசத்துத் தலைவர்கள் வீற்றிருந்த சபையில் எழுந்து நின்று, வெறும் பேச்சைக் கேட்டு அலுத்துவிட்ட தலைமுறையின் சார்பாகப் பேசினார். நாமெல்லோரும் மகிழ்ந்தோம்; மகிழ்ந்தது நியாயமே. ஆயினும், பாராட்டி ஓய்ந்த பின்னர் நமக்கென்று ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்பதும், அந்த வேலையைச் செய்யும் யோக்கியதை அதிகாரிகளைவிடவும் சொற்பொழிவாளர்களைவிடவும் உங்களுக்கே அதிகம் என்பதும் என் திடமான அபிப்பிராயம். அதை விளக்குவதற்கே இம்மடல்.

முதலில் அந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். கூரையிலே சூரியத் தகடுகள். அவை தரும் மின்சாரத்தைச் சேமிக்க ஒரு பேட்டரி. அதிலிருந்து சூடேறும் இஸ்திரிப்பெட்டி. நல்ல வெயில் ஐந்து மணி நேரம் அடித்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அதன் கணக்கு. வெயில் இல்லாத நாளில் முன்பே ஊட்டிவைத்த பேட்டரியோ வீட்டு மின்சாரமோ ஜெனரேட்டரோ கைகொடுக்கும். தேய்ப்புக் கூலிக்கு மேல் நாலு காசு கிடைக்கட்டும் என்று கைபேசிக்கு மின்னூட்டும் வசதியும் சேர்த்திருக்கிறார். இதே சிறுமி இதற்கு முன்னர், அறைக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை உணர்ந்து தானே ஓடி, தானே நிற்கும் மின்விசிறி ஒன்றையும் யோசித்து, 2019-ல் அப்துல் கலாம் பெயரால் வழங்கப்படும் இக்னைட் விருதைப் பெற்றவர். விசிறி ஒரு துறை, துணி தேய்ப்பு வேறு துறை. ஒரே மூளை இரண்டு வயல்களில் எப்படி இறங்கியது என்று வியப்பவர்கள் உண்டு.

வியக்க வேண்டிய இடம் இன்னும் சற்று உள்ளே இருக்கிறது. உலகெங்கும் காப்புரிமை அலுவலகங்கள் கண்டுபிடிப்புகளை எட்டுப் பெரும் பிரிவுகளாகப் பகுத்து, ஆங்கில நெடுங்கணக்கின் ஏ முதல் எச் வரையிலான எழுத்துகளால் குறித்து வைத்திருக்கின்றன. மனிதனின் அன்றாடத் தேவைகள் ஒரு பிரிவு, போக்குவரத்து ஒரு பிரிவு, ரசாயனமும் உலோகமும் ஒரு பிரிவு, நெசவும் காகிதமும் ஒரு பிரிவு, மின்சாரம் ஒரு பிரிவு, இப்படியாக. இஸ்திரிப்பெட்டியை இந்த அலமாரியில் தேடினால், அது நெசவுப் பிரிவில் சலவையோடு வைக்கப்பட்டிருக்கும். கையால் தள்ளும் வண்டி போக்குவரத்துப் பிரிவில் கிடக்கும். சூரியத் தகடும் பேட்டரியும் மின்சாரப் பிரிவில். ஓடும் விசிறியோ இயந்திரப் பிரிவில், பம்புகளின் அண்டையிலே. ஆகவே, ஒற்றை இஸ்திரி வண்டியே மூன்று அலமாரிகளில் கால் பரப்பி நிற்கும் ஒரு வஸ்து. துறை என்பது நாம் பாடம் நடத்துவதற்காகவும் கோப்பு அடுக்குவதற்காகவும் ஏற்படுத்திக்கொண்ட சௌகரியமே அன்றி, கஷ்டம் துறை பார்த்து வருவதில்லை. தெருவோரத்துத் தொழிலாளியின் கஷ்டத்தைத் தொடர்ந்து சென்றவர், வழியில் எத்தனை வேலி குறுக்கிட்டதோ அத்தனையையும் தாண்டியிருக்கிறார், அவ்வளவே.

பாரத தேசத்தில் காப்புரிமைச் சட்டம் முதன்முதல் 1856-ல் பிறந்தபோது, அதன்கீழ் முதல் எண்ணைப் பெற்ற கண்டுபிடிப்பும் விசிறி சம்பந்தப்பட்டதே என்பதை இவ்விடத்தில் குறிப்பிடத் தோன்றுகிறது. கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர், கூரையிலே தொங்கும் துணி விசிறியைக் கூலியாள் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க வழி சொல்லி, அவ்வாண்டு மார்ச் 3-ஆம் தேதி மனு கொடுத்தார். அந்த விசிறியிலிருந்து நம்மூர்ச் சிறுமியின் விசிறி வரையில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

பல துறைகளிலே கை வைத்தவர் என்றால், தமிழகத்தில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களே. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஆரம்பப் பள்ளிக்கு மேல் கல்வி பயிலாமல், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அதன்மேல் தீராத மோகம் கொண்டு, அதை வாங்குவதற்காகவே ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சென்று பணம் சேர்த்து, வாங்கிய வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திர சாஸ்திரத்தைக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். 1920-ல் ஒற்றைப் பேருந்தோடு தொடங்கிய அவருடைய போக்குவரத்துத் தொழில் யு.எம்.எஸ். என்ற பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்நாட்டிலேயே தயாரான மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். உலர்ந்த பேட்டரியில் இயங்கும் 'ரசாந்த்' என்னும் க்ஷவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழரசம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம், 1941-ல் எழுபது ரூபாய்க்கு விற்கத்தக்க ஐந்து வால்வு வானொலி, 1952-ல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இருவர் செல்லத்தக்க பெட்ரோல் கார் என்று அவர் செய்துகாட்டியவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இவை போதாவென்று பருத்தியையும் பப்பாளியையும் தமக்கேற்றபடி வளர்க்கும் தாவர ஆராய்ச்சியிலும் அவர் முனைந்தார்.

அவர் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த இரண்டாயிரம் ரூபாய் காரிலேயே போய் நின்றுவிடுகிறது. அது செய்யத் தெரியாமல் நின்றுபோகவில்லை. வாங்க ஆளில்லாமலும் நின்றுபோகவில்லை. பெருவாரியாக உற்பத்தி செய்வதற்கு வேண்டிய அரசாங்க உரிமம் கிட்டாமையால் நின்றது. கண்டுபிடித்த மனிதர் தமது காரியத்தைச் செவ்வனே செய்து முடித்துவிட்டார். அதற்கு அப்பால் அதைத் தாங்கிப் பிடித்துத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய கைகள் சேரவில்லை. பம்பாயில் 1867-ல் பிறந்த சங்கர் அபாஜி பிஸே அவர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே: அச்செழுத்து வார்க்கும் இயந்திரத்திலிருந்து அயோடின் மருந்து வரையில் இருநூறு கண்டுபிடிப்புகள், அவற்றுள் நாற்பதளவுக்குக் காப்புரிமைகள், லண்டனிலும் அமெரிக்காவிலும் விடாமுயற்சி, இத்தனையும் இருந்தும் அவர் பெயரை அறிந்தவர் இன்று நம்மிலே எத்தனை பேர்? அமெரிக்காவின் எடிசன் 1,093 காப்புரிமைகளைப் பெற்றார் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் கண்ணாடி ஊதுபவர்களும் கடைசல்காரர்களும் ரசாயனிகளும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்த பட்டறை ஒன்று இருந்ததை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாயுடு அவர்களின் காருக்கு இல்லாமற்போனது அறிவல்ல, அப்படிப்பட்ட சுற்றம்.

இனி, சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதிக்க வேண்டும். காப்புரிமை என்றவுடன் நம்மவர் பலர், யாரோ ஒருவர் ஒரு பொருளைப் பூட்டிவைத்துச் சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொள்ளும் ஏற்பாடு என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 83-ஆவது பிரிவைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். கண்டுபிடிப்புகளை ஊக்குவிப்பதும், அவை இந்நாட்டிலேயே வியாபார அளவில் காலதாமதமின்றிச் செயலுக்கு வருவதை உறுதி செய்வதுமே காப்புரிமை வழங்குவதன் நோக்கம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. உரிமை பெற்றவர் அந்தப் பொருளைச் செயலுக்குக் கொண்டுவந்தாரா என்று காலந்தோறும் அறிக்கை தரக் கடமைப்பட்டவர். மூன்றாண்டு கழிந்தும் பொதுமக்களுக்கு நியாயமான விலையில் அது கிடைக்காவிடில், கட்டாய உரிமம் கேட்டு வேறொருவர் மனுச் செய்யலாம். 2012-ல் ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் அப்படித்தான் புற்றுநோய் மருந்தொன்றைத் தயாரிக்கும் உரிமத்தைப் பெற்று, மாதத்துக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தை 8,800 ரூபாய்க்குத் தர முற்பட்டது. உரிமையின் ஆயுளும் மனுக் கொடுத்த நாளிலிருந்து இருபது ஆண்டே. அந்த இருபதாண்டுத் தனியுரிமைக்கு ஈடாக, அந்தத் துறையில் தேர்ச்சியுள்ள ஒருவர் படித்துத் தாமே செய்துகொள்ளுமளவுக்குச் செய்முறையை முழுவதும் எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இன்னொன்றும் உங்கள் காதில் போட்டுவைக்க வேண்டியது. காப்புரிமை தேசத்துக்குத் தேசம் தனித்தனி. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உரிமை பெற்ற ஒருவர் இங்கே அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அவர் எழுதிவைத்த முறையைக் கொண்டு நீங்கள் இங்கே செய்து இங்கேயே விற்பதற்குத் தடையில்லை. காலம் முடிந்த உரிமைகளும் அவ்வாறே. உலகத்துப் பொறியாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக வரைபடத்தோடு எழுதிக் குவித்த ஒரு பெரும் பொக்கிஷம் திறந்தே கிடக்க, நமது பட்டறைகளில் அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் ஏற்படவில்லையே என்பது என் நெடுநாளைய ஆதங்கம். ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினால் எத்தனை நன்மை விளையும்!

இப்போது நம் இஸ்திரி வண்டிக்குத் திரும்புவோம். காந்திநகரிலுள்ள தேசியப் புத்தாக்க நிறுவனம் இதன் மாதிரியை உருவாக்க உதவியதோடு, காப்புரிமைக்கான விண்ணப்பத்தையும் வினிஷாவின் பெயரிலேயே செய்தது. மாதிரி என்பது ஆரம்பம். தேரடி வீதியில் வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் வெயிலிலும் மழையிலும் நின்று, பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனங்கள் கிரிவலம் வரும் நெரிசலில் ஓரமாகத் தள்ளப்பட்டு, மறுநாள் காலையில் விடுதிக்காரர் கொண்டுவந்து போடும் படுக்கை விரிப்புகளின் குவியலையும் தேய்த்துத் தள்ளி, பழுதானால் அன்று மாலைக்குள் சீராகி மறுபடியும் நிற்க வேண்டுமே, அந்த வண்டி உங்கள் கைகளிலிருந்துதான் வர வேண்டும்.

அதிலுள்ள சிக்கல்கள் உங்களுக்குச் சுவையானவை என்று நம்பி, நான் யோசித்த மட்டில் சிலவற்றைச் சொல்கிறேன். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு யூனிட் செலவு. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டுக் கணக்கில் 1.2 யூனிட்டைத் தாங்கும். ஈய பேட்டரியாக இருந்தால், அதன் ஆயுளைக் கருதிப் பாதிக்கு மேல் இறக்கலாகாது. ஆகவே மின்சாரத்தை வாரி இறைக்க இடமில்லை. இந்த நிலையில், பேட்டரியின் நேர் மின்சாரத்தை இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டாக மாற்றி, வழியில் ஒரு பங்கை வெறும் சூடாக இழந்து, பிறகு மறுபடியும் சூடேற்றுவதற்கே அதைச் செலவிடுவது அவசியந்தானா? 48 வோல்ட்டிலேயே நேராக இயங்கும் சூட்டுக்கம்பியை ஏன் சுற்றக்கூடாது? 230 வோல்ட்டில் 600 வாட் தரும் கம்பிக்குச் சுமார் 88 ஓம் தடை வேண்டும். 48 வோல்ட்டில் அதே சூட்டுக்கு நாலு ஓமுக்குச் சற்றுக் குறைவு போதும். கனமான நிக்ரோம் கம்பியைக் குறைந்த நீளத்தில் சுற்ற வேண்டும், பன்னிரண்டரை ஆம்பியர் ஓடும், முனைகளை இறுக்கமாகக் கவ்வ வேண்டும். காயில் கட்டுகிறவருக்கு இது அந்நியமான வேலையன்று. மழை நாளில் ஈரக் கையோடு தொடுகிறவருக்கு ஆபத்தும் குறையும். ஆனால் ஒரு முள் இருக்கிறது. வீட்டுப் பெட்டியின் தெர்மோஸ்டாட் மாறு மின்சாரத்துக்கென்று செய்தது. அதன் தொடுமுனைகள் பிரியும்போது எழும் பொறி, மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தானே அணைந்துவிடுகிறது. நேர் மின்சாரத்தில் அந்தப் பூஜ்யம் வராது; பொறி நீண்டு முனைகளைத் தின்றுவிடும். இதற்கு எளிய, மலிவான, தெருவோரத்தில் பழுது பார்க்கத்தக்க பரிகாரம் ஒன்றை உங்களில் ஒருவர் கண்டால், அதுவே தனியாகக் காப்புரிமை கோரத்தக்க விஷயமாக இருக்கக்கூடும்.

எடை இன்னொரு கேள்வி. தேய்ப்புத் தொழிலாளிக்குக் கரிப்பெட்டியின் கனமே பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது. கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்பு லேசான வீட்டுப் பெட்டிக்கு அடங்குவதில்லை. மேலும், கனமான அடித்தகடு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பேட்டரியும் அடிக்கடி ஈடுகொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் பழைய பித்தளைப் பெட்டியின் உடம்பையே வைத்துக்கொண்டு, கரி இருந்த வயிற்றுக்குள் சூட்டுக்கம்பியையும் அதன்மேல் வெப்பம் தப்பாத காப்பையும் வைத்தால் என்ன? இதற்கு வார்ப்புக்காரரும் கடைசல்காரரும் பதில் சொல்ல வேண்டும். சூரியத் தகட்டின் சாய்வை நம்மூரின் அட்சரேகைக்கு ஏற்பத் தெற்கு நோக்கிப் பன்னிரண்டு பாகை வைப்பதும், அதே தகடு தொழிலாளியின் தலைக்கு நிழலாகவும் அமைவதும், ஆடிக் காற்றில் வண்டி கவிழாமலிருப்பதும் வெல்டிங் பட்டறையின் பொறுப்பு.

நமது ஊருக்கு இப்படிப் பல கைகள் கூடிச் செய்யும் காரியம் புதிதன்று. கார்த்திகைத் திருநாளில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் எரிவதற்கு, செம்புக் கொப்பரையைச் செய்த கன்னார், திரிக்கு வேண்டிய துணியை நெய்தவர், நெய்யைச் சேர்த்தவர், அனைத்தையும் தோளில் ஏற்றி மேலே கொண்டுசென்றவர், பரம்பரையாக ஏற்றும் உரிமையுடைய பர்வதராஜ குலத்தார் என்று எத்தனை பேர் வேண்டியிருக்கிறது! திருவாரூர் ஆழித்தேர் ஓடாமல் நின்றிருந்த காலம் போய் மறுபடி ஓடியதற்கும், திருச்சி பெல் தொழிற்சாலையின் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும், மரத்தேரின் ஸ்தபதிகளோடு கைகோத்ததே காரணம். தேருக்குக் கூடிய அந்தச் சிரத்தை தேய்ப்பு வண்டிக்குக் கூடாதா?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உங்களில் எவரேனும் புதிதாக ஒன்றைச் செய்தால், அதைக் கல்லூரிக் கண்காட்சியிலோ பத்திரிகையிலோ காட்டுவதற்கு முன்னால் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைச் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். முதலில் காட்டிவிட்டால் பெரும்பாலும் புதுமை போய்விட்டதாகவே சட்டம் கொள்ளும். தனிமனிதர் மின்வழியில் மனுச் செய்வதற்குக் கட்டணம் 1,600 ரூபாய். அதன்பின் முழு விவரக்குறிப்பை எழுதி முடிக்கப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. அதேபோல, பிறர் உரிமைக்குட்பட்ட வடிவத்தை அவர் அனுமதியின்றிச் செய்து விற்பதும் முறையன்று. இந்த வண்டியின் விஷயத்தில் தேசியப் புத்தாக்க நிறுவனத்துக்கு எழுதி, உரிம நிபந்தனைகளைக் கேட்டு, ஒப்பந்தம் செய்துகொண்டே முனைய வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் கார்த்திகைக் கூட்டத்துக்கு முன்னால், காயில் கட்டுகிறவர் ஒருவர், வெல்டர் ஒருவர், லேத் மேஸ்திரி ஒருவர், மின்சாரப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் என்று ஏதேனும் ஒரு பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். கூடும்போது தெருவில் துணி தேய்க்கும் அண்ணன்மாரையும் அக்காமாரையும் மறவாமல் அழைத்து, அவர்களை முதலில் பேசவிடுங்கள். நாளொன்றுக்குக் கரிக்கு என்ன செலவாகிறது, எத்தனை மணிக்குக் கடை விரிக்கிறார்கள், மழை நாளில் என்ன செய்கிறார்கள், எந்தக் கனமுள்ள பெட்டி கைக்குப் பழகியது, மாதத் தவணை எவ்வளவு கட்டினால் மூச்சு முட்டாது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு வண்டியைச் செய்து, அவர்களில் ஒருவரிடம் கொடுத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுவதுமாக ஓட்டிப் பாருங்கள். அந்த நோட்டின் பிரதியொன்றைக் காந்திநகருக்கும் அனுப்பிவையுங்கள். வண்டியை மனத்தால் கண்ட பெண்ணுக்கும் அது போய்ச் சேரட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
திருவண்ணாமலைவாசி ஒருவன்